லென்ஸை நம்பிக் கழிந்த ஏழு மாதம்

செர்டாங்குக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் முப்பத்தோராண்டு பணியாற்றி ஓய்வு பெற்று, பண்டார் பாருவிலேயே வசித்துவருகிற எனக்குக் கண்ணழுத்த நோய் இருப்பது 2019இல் தெரியவந்தது. பாரிட் புந்தாரில் கொமுட்டர் ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, பெரியில் பினாங்குக்குப் போய்ச் சோதித்துக்கொண்டதும், இரவுதோறும் ஒரு சொட்டு லாட்டனோபிராஸ்ட் விடத் தொடங்கியதும் இதே நோயுள்ள உங்களுக்கும் நேர்ந்தவையே, அவற்றை விரிக்கவில்லை. எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிவிட்டு, "கண்ணுல ஒரு குறையும் இல்ல சார்" என்று கண்ணாடி விற்ற கடைக்காரரை அதற்கு முன் மூன்றாண்டு நம்பியிருந்தேன் என்பதை மட்டும் சொல்லவேண்டும். அழுத்தமும் பார்வை நரம்பும் பார்க்கப்படாத கண், சோதிக்கப்பட்ட கண் அன்று.

ஆயினும் எனக்குப் பெருநஷ்டம் விளைந்தது பிறகுதான். 2022 மார்ச்சில், மருந்தூட்டிய காண்டாக்ட் லென்ஸுக்கு அமெரிக்காவில் அங்கீகாரம் கிடைத்த செய்தியைச் சுங்கை பட்டாணியிலிருந்து வந்த என் மருமகன் கைப்பேசியில் காட்டி, "இனி அந்தச் சொட்டு மருந்தெல்லாம் எதுக்கு மாமா, கொஞ்ச மாசத்துல இங்கேயும் வந்துடும்" என்றார். மருந்தால் கண் சிவந்து, இமையோரம் கறுத்து, நாலுபேர் விசாரிக்கும் நிலையிலிருந்த நான் அதைத் தெய்வவாக்காகக் கொண்டு, புட்டியை அலமாரியில் வைத்துவிட்டேன். அந்த லென்ஸில் இருந்தது கீட்டோட்டிஃபென் என்பதையும், அது ஒவ்வாமையால் வரும் கண்ணரிப்புக்கான மருந்தேயன்றிக் கண்ணழுத்தத்தோடு யாதொரு சம்பந்தமும் இல்லாதது என்பதையும், படித்துக் காட்டியவரும் கவனிக்கவில்லை, கேட்ட நானும் கவனிக்கவில்லை.

ஏழு மாதம் வலியில்லை, மங்கலில்லை. ஒரு கண் இழந்ததை மற்றொரு கண் நிரப்பிவிடுகிறதாகையால் எனக்கு ஒன்றும் புலப்படவில்லை. அக்டோபரில் சோதனைக்குப் போனபோது வலக்கண்ணை மூடி, வெண்ணிறக் கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். சற்று நேரம் அழுத்தினேன். பிறகு புள்ளியே வரவில்லை. "இயந்திரம் நின்றுவிட்டதா அம்மா?" என்று கேட்டேன். தாதி தாழ்ந்த குரலில், "இல்ல சார், வெளிச்சம் வந்துக்கிட்டுத்தான் இருக்கு" என்றார். என் கட்டைவிரல் பொத்தானின்மேல் அசையாதிருந்தது. அழுத்தம் 31, இடக்கண் பார்வையில் மூக்கை ஒட்டிய கீழ்ப்பகுதி போய்விட்டது. போன நரம்பு மீளாது.

லென்ஸ் பொய்யன்று. சொட்டு மருந்தில் பெரும்பங்கு கண்ணீரோடு வழிந்து மூக்குக்குள் இறங்கிவிட, சொற்பமே கண்ணுக்குள் செல்கிறது. லென்ஸோ மருந்தைக் கருவிழியின்மேல் தேக்கிச் சிறுகச்சிறுக விடுகிறது. பாஸ்டன் நகரத்தில் ஜோசப் சியோலினோ குழுவினர் லாட்டனோபிராஸ்ட் ஊட்டிய லென்ஸைக் குரங்குகளுக்கு அணிவித்து அழுத்தம் குறைந்ததை 2016இல் வெளியிட்டார்கள். ஆனால் குரங்கின் கண்ணுக்கும் நம் ஊர்க் கிளினிக்குக்கும் இடையே நெடுந்தூரம் உண்டு. அதைக் கடக்கும்வரை புட்டிதான் நமக்குக் கதி.

ஆகவே, சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்து உள்முனையை இரண்டு நிமிஷம் விரலால் அழுத்துங்கள். திறக்காத புட்டியைக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். திறந்த புட்டியை நான்கு வாரத்துக்குமேல் வைக்காதீர்கள். இரண்டு மருந்தாயின் நடுவில் ஐந்து நிமிஷம் விடுங்கள். கண் சிவந்தால் மருத்துவரிடம் மாற்று மருந்து கேளுங்கள். உங்கள் மருமகன் எவ்வளவு படித்தவராயினும் அவரிடம் கேட்காதீர்கள். தனியார் மருத்துவமனைக்கு மாறச் சொன்னவர்களின் பேச்சையும் நான் ஏற்கவில்லை. அரசாங்க மருத்துவமனையில் எழுதிக்கொடுத்த மருந்தே, நாள் தவறாமல் விட்டபின், என் அழுத்தத்தை 15க்கு இறக்கியது.

இது இரத்த உறவில் தொடர்கிற நோயாதலால், சென்ற ஆண்டு என் தம்பியைக் கட்டாயப்படுத்தி அழைத்துச் சென்றேன். தனக்கு ஒன்றுமில்லை என்று பெரியில் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தான். அவனுக்கு அழுத்தம் 26.