ஜெனரேட்டரை எங்கே வைப்பது? லயத்துக்குத் திரும்பும் குடும்பங்களுக்கு

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவையும் வெள்ளத்தையும் கொண்டுவந்தது. பாடசாலையிலும் கோயிலிலும் உறவினர் வீட்டிலும் தங்கியிருந்துவிட்டு நீங்கள் இப்போது உங்கள் காம்பராவுக்குத் திரும்புகிறீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அதிகாரிகள் இடத்தைப் பார்த்து, திரும்பலாம் என்று சொல்லியிருந்தால் மட்டுமே இந்தப் பாடம் உங்களுக்குப் பயன்படும். அப்படி இன்னும் சொல்லப்படவில்லை என்றால், விளக்குக்கு வழி தேடுவதற்கு முன் கிராம உத்தியோகத்தரிடம் போய்க் கேளுங்கள்.

காசல்ரீயிலும் மவுசாகலையிலும் தேங்கும் தண்ணீரில் மின்சாரம் பிறக்கும் மலை இது. ஆனாலும் ஒரு மரம் கம்பியில் விழுந்து, பாதையும் அடைபட்டால், மேல் பிரிவு லயங்களுக்கு வெளிச்சம் வர நாளாகும். அந்த நாட்களுக்காகச் சிலருக்கு உதவியாகவும், சிலருக்கு நான்கைந்து குடும்பம் சேர்ந்து வாங்கியதாகவும் ஒரு சிறிய பெற்றோல் ஜெனரேட்டர் கைக்கு வந்திருக்கும். அதை எங்கே வைப்பது என்பதைத்தான் முதலில் பேச வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கண்ணுக்குத் தெரியாத புகை

ஜெனரேட்டரின் புகைக்குழாயிலிருந்து வருவதில் உயிரைக் கொல்லும் ஒரு வாயு உண்டு. பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் காபனோரொட்சைட்டு என்று இருக்கும். வைத்தியசாலையில் காபன் மொனொக்சைட் என்பார்கள். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது, இருமல் வராது. பெற்றோல் வாடை வரவில்லை என்பதால் அந்த வாயுவும் வரவில்லை என்று நினைக்கக் கூடாது. நாம் மூச்சில் இழுக்கும் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பலத்துடன் இது இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். மூச்சு வந்து போய்க்கொண்டே இருக்கும், ஆனால் உடம்புக்குத் தேவையான ஒட்சிசன் போய்ச் சேராது. தூக்கத்தில் இருப்பவர் எழும்பாமலே போய்விடலாம்.

ஒரு சிறிய ஜெனரேட்டர் வெளிவிடும் இந்த வாயு நூற்றுக்கணக்கான கார்கள் வெளிவிடுவதற்குச் சமமாக இருக்கலாம் என்று அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு எச்சரிக்கிறது. 2020 ஆகஸ்டில் லோரா சூறாவளி அந்நாட்டின் லூசியானா மாநிலத்தைத் தாக்கியது. அங்கே இறந்தவர்களில் பலரைக் கொன்றது காற்றும் இல்லை, வெள்ளமும் இல்லை. புயல் ஓய்ந்த பிறகு வெளிச்சத்துக்காக ஓடவிட்ட ஜெனரேட்டரின் புகைதான்.

நம் லயத்தில் ஆபத்து இன்னும் அதிகம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. ஒரே கூரை. பழைய லயங்களில் காம்பராக்களுக்கு நடுவே இருக்கும் சுவர் கூரைத் தகரம் வரை ஏறாமல் பாதியில் நின்றுவிடும். பக்கத்து வீட்டில் தாளிப்பது நமக்கு மணப்பது அதனால்தான். வாசனை போகும் வழியில் அந்த வாயுவும் போகும். மூன்றாவது காம்பராவின் இஸ்தோப்பில் ஜெனரேட்டர் ஓடினால் ஐந்தாவது காம்பராவில் தூங்கும் கைக்குழந்தை அதைச் சுவாசிக்கும். அந்த வீட்டில் ஜெனரேட்டரே இருக்காது. அது ஓடுவதும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. குளிருக்குக் கதவைச் சாத்தி, ஜன்னல் இடுக்கில் துணி அடைத்துப் படுப்பது நம் வழக்கம். உள்ளே வந்த வாயு வெளியே போவதற்கும் அதனால் வழி இல்லாமல் போகிறது.

ஆகவே ஜெனரேட்டர் உங்களுடையதாக இருந்தாலும், அதை வைக்கும் இடத்தை லயத்தில் உள்ள எல்லோரும் சேர்ந்து தீர்மானியுங்கள்.

வைக்கும் இடம்

காம்பராவுக்குள், குசினிக்குள், இஸ்தோப்பில், ஜன்னலுக்கு அடியில் ஒருபோதும் வேண்டாம். கதவைத் திறந்து வைத்தாலும், ஃபேன் போட்டாலும் காப்பாற்றாது. எந்தக் கதவுக்கும் ஜன்னலுக்கும் குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீடுகளுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வைக்க வேண்டும்.

சொல்வது சுலபம், லயத்து வாசலில் 20 அடி எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். உண்மைதான். முன்னால் ஒரு கான், அதற்கு அப்பால் தேயிலை. பின்னால் வெட்டிய மண்மேடு. அந்தப் பின்பக்கச் சந்து ஆள் நடமாட்டம் இல்லாத இடம் என்பதால் பலருக்கு வசதியாகத் தோன்றும். அங்கே வைக்க வேண்டாம். மேட்டுக்கும் சுவருக்கும் நடுவே வாயு தேங்கி, கூரை இடுக்கு வழியாக எல்லாக் காம்பராக்களுக்கும் போகும். மழைக்குப் பிறகு அந்த மேடு நம்பக்கூடியதும் அல்ல.

பெரும்பாலும் நல்ல இடம் லயத்துக் கோடியைத் தாண்டி, பள்ளப் பக்கமாக இருக்கும். இரவில் மலையின் குளிர்க்காற்று மேலிருந்து கீழாகத்தான் இறங்கும். பள்ளத்தில் வைத்தால் புகையையும் அது கீழே கொண்டுபோகும். ஆனால் அந்தப் பள்ளத்தில் இன்னொரு லயம் இருந்தால் உங்கள் புகை அவர்கள் வீட்டுக்குத்தான் போகும், அதையும் பாருங்கள். காற்று அசையாமல் பனிமூட்டம் படுத்திருக்கும் இரவில் இன்னும் தள்ளி வையுங்கள், அல்லது அன்றைக்கு ஓட்டாமல் விடுங்கள்.

மழைக்கு நான்கு கம்பு நட்டு மேலே ஒரு தகரம் போடுங்கள். நான்கு பக்கமும் திறந்திருக்க வேண்டும். சுற்றித் தார்ப்பாய் கட்டினால் மெஷின் சூடேறி நின்றுவிடும், தார்ப்பாயும் தீப்பிடிக்கலாம். கீழே பலகையோ கல்லோ வைத்து, தண்ணீர் தேங்காத சமமான இடத்தில் நிறுத்துங்கள். தரையில் வெடிப்புக் கண்ட இடம் வேண்டாம்.

ஜெனரேட்டரை வீட்டுக்குள் இழுத்துவருவதற்கு மழையைவிடப் பெரிய காரணம் திருட்டுப் பயம் என்பது நமக்குத் தெரியும். அதற்கு ஒரு சங்கிலியும் பூட்டும் வாங்கி மரத்தோடு கட்டுங்கள். ஓடும் நேரத்தில் ஒருவர் முறைவைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். எல்லோரும் தூங்கப் போகும் நேரத்தில் மெஷினும் நிற்கட்டும்.

தலைவலி வந்தால்

இந்த வாயு முதலில் தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், கைகால் சோர்வு என்றுதான் காட்டும். குளிர் பட்டது, பித்தம், மலை ஏறி வந்த களைப்பு என்று சித்தாலேப தடவிக்கொண்டு படுத்துவிடுவோம். ஜெனரேட்டர் ஓடும்போது வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில், காய்ச்சல் இல்லாமல் தலை வலித்தால், வெளியே வந்ததும் அது குறைந்தால், வாயு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள். மெஷினை நிறுத்துங்கள். பக்கத்துக் காம்பராக்களின் கதவைத் தட்டி எழுப்புங்கள். பதில் இல்லாவிட்டால் கதவைத் திறந்து பாருங்கள். கர்ப்பிணித் தாய், கைக்குழந்தை, முதியவர், இருதய நோயாளி ஆகியோரை இது சீக்கிரம் தாக்கும். 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழையுங்கள். வண்டி ஏற முடியாத பாதை என்றால், வரும்வரை காத்திராமல் வண்டி வரக்கூடிய சந்திவரை தூக்கிக்கொண்டு இறங்குங்கள். கொஞ்சம் தெளிந்தாலும் வைத்தியசாலைக்குப் போகத்தான் வேண்டும். இதற்கு மருந்து ஒட்சிசன். இஞ்சித் தண்ணியும் தைலமும் உதவாது.

குளிருக்காகச் சட்டியில் நெருப்புத் தணல் எடுத்துக் காம்பராவுக்குள் வைப்பதிலும் இதே வாயுதான் வரும். பாட்டி காலத்து வழக்கம் என்றாலும் கதவைச் சாத்திக்கொண்டு செய்யாதீர்கள்.

மெயின் வயரோடு சேர்க்க வேண்டாம்

இரண்டு முனையிலும் பிளக் பூட்டிய ஒரு வயரை வைத்து, ஜெனரேட்டரிலிருந்து வீட்டுப் பிளக் பொயிண்டுக்குக் கொடுத்தால் எல்லா பல்பும் எரியும். இந்த வேலை தெரிந்த தம்பி எல்லாத் தோட்டத்திலும் ஒருவர் இருப்பார். தயவுசெய்து அவரைத் தடுத்துவிடுங்கள். நீங்கள் கொடுக்கும் 230 வோல்ட் மீட்டர் வழியாக வெளியே போய், ட்ரான்ஸ்போமரில் தலைகீழாக ஏறி, கம்பியில் 33,000 வோல்ட் வரை ஆகிவிடலாம். மின்சார சபை ஊழியர் ஒருவர் மூன்று மலை தள்ளி, மின்சாரம் இல்லை என்று நம்பி அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பார். உங்களுக்கு வெளிச்சம் கொண்டுவர வந்தவர் அவர். நீங்கள் ஓட்டும்போதே மின்சாரம் திரும்பி வந்தால் ஜெனரேட்டரும் எரிந்துபோகும்.

வீட்டு வயரிங்குக்குக் கொடுப்பதென்றால் தகுதி பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பூட்ட வேண்டும். அது இல்லாதவரை ஜெனரேட்டரிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து, பல்பையும் சார்ஜரையும் அதில் நேரே மாட்டுங்கள். உள்ளே மூன்று கம்பி உள்ள தடித்த வயராக இருக்கட்டும். சுருளாக வைத்துப் பாவித்தால் சூடாகி உருகும், முழுதாக விரித்துவிடுங்கள். கூரைத் தகரத்தின் விளிம்பில் உரசும்படி கொண்டுபோக வேண்டாம். தகரம் வயரை அறுத்தால் லயத்தின் மொத்தக் கூரையிலும் கரண்ட் ஏறும். ஈரக் கையோடும் வெறுங்காலோடும் பிளக்கைத் தொடாதீர்கள்.

வெள்ளமோ சேறோ புகுந்த வீட்டில் மெயின் சுவிட்சை நீங்களே போட்டுப் பார்க்கக் கூடாது. 1987 என்ற இலக்கத்தில் மின்சார சபைக்குச் சொல்லி, பார்த்த பிறகு போடுங்கள்.

மலையில் பலம் குறையும்

மெஷினில் ஒட்டியிருக்கும் அளவு கடல் மட்டத்துக்கு அருகில் கிடைப்பது. உயரம் கூடக்கூடக் காற்று மெலிந்து எஞ்சினின் பலம் குறைகிறது. ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஏறத்தாழ 3.5 வீதம். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 2,000 வோட்ஸ் மெஷினில் 1,600 கிடைத்தால் நல்லது. ஹட்டனில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறையும். எஞ்சின் திணறுகிறது, பிளக் அடிக்கடி கரி பிடிக்கிறது, கறுப்புப் புகை வருகிறது, பெற்றோல் அதிகம் குடிக்கிறது என்றால் மலைக்கேற்ப காபரேட்டர் ஜெட் மாற்ற வேண்டியிருக்கலாம். விற்ற கடையில் அல்லது மெக்கானிக்கிடம் கேளுங்கள். கறுப்புப் புகை வரும்போது அந்த விஷ வாயுவும் கூடவே வரும்.

இருப்பதை வைத்துக் கணக்குப் போட்டால் பயப்பட ஒன்றுமில்லை. 24 காம்பரா உள்ள ஒரு லயத்தில் வீட்டுக்கு இரண்டு 9 வோட்ஸ் எல்.ஈ.டி. பல்பு எரிந்தால் மொத்தம் 432 வோட்ஸ்தான். ஃபோன் சார்ஜர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒருவர் மட்டும் 2,000 வோட்ஸ் கேத்தலைப் போட்டால் நான்கு லயத்து வெளிச்சத்தை அவரே குடித்துவிடுவார், மெஷினும் நின்றுவிடும். தண்ணீர் கொதிக்க வைக்க அடுப்பு இருக்கிறது. அயன், ஹீட்டர், கேத்தல் மூன்றும் வேண்டாம் என்று முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். பிறகு பேசினால் சண்டைதான் வரும். ஃபிரிட்ஜ் ஸ்டார்ட் ஆகும்போது ஓடுவதைவிட மூன்று மடங்குக்கும் மேல் கேட்கும், அதற்கு இடம் விடுங்கள். எப்போதும் மெஷினை முதலில் ஸ்டார்ட் செய்து, ஓட்டம் சீரான பிறகு ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். நிறுத்தும்போது முதலில் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

பெற்றோலும் ஒயிலும்

2022 பெற்றோல் தட்டுப்பாட்டின்போது வீட்டுக்குள் பெற்றோல் சேர்த்து வைக்கும் பழக்கம் பலருக்கு வந்தது. அடுப்பு எரியும் காம்பராவில் அது வேண்டாம். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம். தரையோடு தவழ்ந்து அடுப்பைத் தேடிப் போகும். பெற்றோலுக்கென்றே உள்ள மூடிய கேனில், வீடுகளுக்கு வெளியே, நிழலில், பூட்டி வையுங்கள். தண்ணீர்ப் போத்தலிலும் சோடாப் போத்தலிலும் ஊற்றி வைத்தால் ஒரு பிள்ளை எடுத்துக் குடித்துவிடும். வாயால் குழாயில் உறிஞ்சி எடுக்காதீர்கள். பெற்றோல் ஊற்றுவதற்கு முன் மெஷினை நிறுத்தி 15 நிமிடமாவது ஆறவிடுங்கள். பகல் வெளிச்சத்திலேயே ஊற்றி வைத்துக்கொண்டால் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றும் வேலை இருக்காது.

ஒவ்வொரு நாளும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒயில் பாருங்கள். சமமான இடத்தில், எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்த்தால்தான் சரியான அளவு தெரியும். புது மெஷினில் முதல் 20 மணித்தியாலத்தில் ஒயில் மாற்ற வேண்டும். பலர் இதைத்தான் மறக்கிறார்கள். அதற்குப் பிறகு 100 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. காற்று வடிகட்டியை 50 மணித்தியாலத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். மெஷினோடு வந்த கையேட்டில் வேறு கணக்கு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இத்தனை மணித்தியாலத்தை யார் ஞாபகம் வைப்பது? ஒரு கொப்பியை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். செக்ரோலில் பெயர் விழுவதுபோல ஒவ்வொரு நாளும் திகதி, எத்தனை மணித்தியாலம் ஓடியது, யார் பெற்றோல் ஊற்றினார், யார் காசு கொடுத்தார் என்று எழுதுங்கள். ஒயில் மாற்றும் நாளும் தெரியும், காசுக் கணக்கிலும் சந்தேகம் வராது.

வெள்ளத்தில் மூழ்கிய மெஷின் திரும்பக் கிடைத்தால் இழுத்து ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், மெக்கானிக்கிடம் கொடுங்கள். மின்சாரம் வந்து இனி வேலை இல்லை என்றால், டேங்கிலுள்ள பெற்றோலை வடித்துவிட்டு, காபரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை வெளியில் ஓடவிடுங்கள். இரண்டு மாதம் பழைய பெற்றோல் காபரேட்டரில் பசைபோலப் பிடித்துவிடும். ஆறிய பிறகு துடைத்து, மூடி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை கொஞ்சம் பெற்றோல் ஊற்றி, அதே லயத்துக் கோடிக்குக் கொண்டுபோய், பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, கொப்பியில் எழுதிவிடுங்கள்.