கணிப்பொறி கண் விழிப்பது எங்ஙனம்?

(பத்தாம் வகுப்பு மாணவி)



சென்ற கோடை விடுமுறையில் பேரையூரிலுள்ள எங்கள் வீட்டில் ஒரு கண்ணீர்க் காட்சி நடந்தது. பெரியப்பா மகள் அக்கா 2012 ஆம் ஆண்டு பிளஸ் டூ படித்தபோது அரசு வழங்கிய மடிக்கணினியை இன்றளவும் பொன்போலப் பாதுகாத்து வருகிறார். (பாட்டரி செத்து நெடுநாளாயிற்று. கரண்ட் இருந்தால்தான் அது உயிரோடிருக்கும்.) 2011 செப்டம்பரில் தொடங்கிய அத்திட்டத்தில் கிடைத்த அக்காவின் கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். மற்றொன்று சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ். பொத்தானை அமுக்கியதும், "எது வேண்டும்?" என்று கேட்பதுபோல் ஒரு பட்டியல் திரையில் வரும்.

விண்டோஸ் மந்தமாகிவிட்டதென்று அக்கா அதை ஒரு கடையில் கொடுத்து, புதிதாகப் பதித்து வாங்கி வந்தார். திறந்து பார்த்தால் பட்டியலைக் காணோம்! நேராக விண்டோஸ்தான் வந்தது. பாஸ் போன இடம் தெரியவில்லை. அதற்குள்தான் காலஞ்சென்ற எங்கள் அப்பத்தா ஜெபமாலை சொன்ன குரல் பதிவாகியிருந்தது. அக்கா அழுத அழுகையை நான் என்னென்று சொல்வேன்!

பள்ளி திறந்ததும் எங்கள் கணினி டீச்சரிடம் இதைக் கூறினேன். "வீடு அப்படியே இருக்கிறது. வாசலில் நிற்கிற ஆள்தான் மாறிவிட்டார்" என்றார்கள். அந்த ஆளைப் பற்றியதே இக்கட்டுரை.

கணினி வேலை செய்யும் நினைவகமாகிய ரேம், மின்சாரம் நின்றதும் வெறுமையாகிவிடும். இயங்குதளமோ வட்டில் உறங்குகிறது. அதை நினைவகத்துக்கு எடுத்துவர ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை எடுத்துவருவது யார்? தன் பூட்ஸின் வாரைப் பிடித்துத் தன்னையே தூக்கிக்கொள்வது போன்ற காரியம் இது என்பதால் 'பூட்ஸ்ட்ராப்' என்று பெயரிட்டார்கள். அது சுருங்கி 'பூட்' ஆயிற்று. இயங்குதளத்தை ஏற்றிவிடும் சிறு நிரலே பூட் லோடர்.

இந்த நிரல் நினைவகத்தில் எந்த இடத்தில் அமர வேண்டும்? எங்கே இருந்தால் என்ன என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். ஆண்டு விழாவுக்கு ஜமுக்காளம் விரித்திருக்கிறீர்கள் அல்லவா? நடுவில் நின்றுகொண்டு விரித்தால் நம் காலிலேயே சிக்கும். விரிப்பவள் ஓரத்தில்தான் நிற்க வேண்டும். பூட் லோடரும் அவ்வாறே. அது எடுத்துவரும் நிரல் அதன் தலைமீதே வந்து விழுந்தால், பாதி வேலையில் அதன் கட்டளைகள் அழிந்து கணினி திகைத்து நின்றுவிடும்.

1965 இல் அமெரிக்காவில் வெளிவந்த பி.டி.பி.-8 என்னும் கணினியின் நினைவகத்தில் 4096 சொற்களுக்கே இடமிருந்தது. அதன் முதல் ஏற்றி 16 கட்டளைகள் கொண்டது. அதை ஆட்களே முன்பக்கச் சுவிட்சுகளைத் தட்டித் தட்டி உள்ளே புகுத்தினர். புகுத்திய இடம் 4078 முதல், அதாவது நினைவகத்தின் கடைக்கோடி. கீழே உள்ள இடம் முழுவதும் வரப்போகும் நிரலுக்கு!

1981 இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பி.சி. வந்தது. அதன் செயலி கண் விழித்ததும் பார்க்கும் முதல் இடம் 1048560. ஒரு மெகாபைட் முடிவதற்கு 16 பைட் முன்னால் உள்ள இடம் இது. அங்கே அழியாத ரோம் நினைவகத்தில் (ரோமாபுரியை நினைத்துக்கொள்ளாதீர்கள்!) பயாஸ் என்ற நிரல் இருக்கிறது. அது உறுப்புகளைச் சோதித்துவிட்டு, வட்டின் முதல் 512 பைட்டைப் படித்து நினைவகத்தில் 31744 ஆம் இடத்தில் வைக்கும்.

அதென்ன 31744? இந்த எண் எனக்கு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. கணக்கு எளிதுதான். வட்டிலிருந்து இயங்குதளத்தை ஏற்றக் குறைந்தது 32 கிலோபைட் நினைவகம் தேவையென்று அன்று கருதினர். அது 32768 பைட். அடியிலுள்ள முதல் 1024 பைட் செயலியின் சொந்த அட்டவணைக்குப் போய்விட்டது. அதற்கு மேலே இயங்குதளத்துக்கு இடம் வேண்டும். ஆகவே பூட் லோடரை உச்சிக்கு அனுப்பினர். அதற்கு 512 பைட்டும், அதன் கைவேலைக்கு இன்னொரு 512 பைட்டும் ஒதுக்கினர். 32768 இல் 1024 கழித்துப் பாருங்கள்! பிற்பாடு நினைவகம் ஜிகாபைட்டாகப் பெருகியும் பயாஸ் கணினிகளில் அந்த எண் மாறவில்லை.

வட்டிலுள்ள அந்த 512 பைட்டில் நிரலுக்குக் கிடைப்பது 446 தான். 64 பைட் வட்டின் பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணைக்கு. கடைசி இரண்டு பைட் 85, 170 என்னும் அடையாளம். விண்டோஸைப் பதிக்கும்போது அது தன் நிரலை இங்கே எழுதிவிடும். முன்பு அங்கிருந்த லினக்ஸின் 'கிரப்' அழிந்துபோகும். அக்காவின் கணினியில் நடந்தது இதுவே.

இவ்விருவரும் நினைவகத்தில் நடந்துகொள்ளும் விதம் வேறு. விண்டோஸின் நிரலுக்குத் தன் பிரிவின் முதற்பகுதியை அதே 31744 இல்தான் வைக்க வேண்டும். எனவே அது தன்னை 1536 ஆம் இடத்தில் படியெடுத்துக்கொண்டு, அங்கிருந்து வேலையைத் தொடரும். விருந்தாளிக்குக் கட்டிலை விட்டுக்கொடுத்துத் திண்ணைக்குப் போவது போல! கிரப் அசையாது. தன் அடுத்த பகுதியை 32768 இல் வைக்கும். முன்பு முடிவாயிருந்த எல்லையே இதற்குத் தொடக்கம்.

இப்போதைய கணினிகளில் பயாஸுக்குப் பதிலாக யூ.இ.எஃப்.ஐ. இருக்கிறது. அதில் பூட் லோடர் வட்டின் தனிப் பிரிவொன்றில் ஒரு கோப்பாகவே இருக்கும். அதைக் காலியான இடம் பார்த்து அமர்த்தி, எந்தெந்த இடம் நிரம்பியிருக்கிறது என்ற பட்டியலையும் கொடுத்துவிடுவார்கள். 31744 க்கு அங்கே வேலையில்லை.

டீச்சர் ஒரு பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் துவக்கி, அக்காவின் வட்டில் கிரப்பை மறுபடியும் எழுதினார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பட்டியல் வந்தது, பாஸ் திறந்தது. அன்று மாலை வீட்டில் எல்லோரும் கேட்டோம். மூன்றாம் தேவ இரகசியத்தின் நடுவில் அப்பத்தா இருமுவதும், "தண்ணி கொண்டா தாயி" என்று கேட்பதும் அப்படியே இருந்தன.