சுழி பார்த்தாய், கால் பார்த்தாயா?

திருவண்ணாமலை

அன்புள்ள மருமகனுக்கு,

தீபச் சந்தையில் வாங்கிய குதிரை, வண்டிப் பந்தயத்தில் கொடிக்கம்பம் வந்ததும் இடப்பக்கம் வளைய மாட்டேன் என்கிறது, திமிர் ஏறிவிட்டது என்று போனில் சொன்னாய். அங்கேயே பதில் சொன்னால் பாதியில் "சரி மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

வாங்கிய அன்று ஒவ்வொரு சுழியாகத் தடவிப் பார்த்தாய். கெட்டித் தரையில் ஒருமுறை ஓடவிட்டுப் பார் என்றேன். தரகர் அவசரப்படுத்தினார், நீ பணத்தை எண்ணிவிட்டாய். வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுச் சந்தைக்கு ஓட்டிவருகிறவர்களும் உண்டு. மருந்து இறங்கிய பிறகுதான் கால் உண்மை பேசும்.

நாயை மிதித்தால் கத்தும். குதிரை கத்தாது. புலிக்கும் ஓநாய்க்கும் பயந்து பிழைத்த இனம். நொண்டுவது வெளியே தெரிந்தால் முதல் இரை அதுதான். ஆனாலும் முகத்தில் கசிந்துவிடும். காயடித்த குதிரைகளைக் கவனித்து ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2014இல் ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். பின்னுக்கு விறைத்த காது, சுருங்கிய இமை, கண்ணுக்கு மேல் துருத்தும் எலும்பு, இறுகிய தாடை, இறுகிய வாய், விறைத்த மூக்கு என்று ஆறு இடம். நீ திமிர் என்று சொன்ன முகத்தை இந்த ஆறோடு வைத்துப் பார்.

காலையில் கொள்ளு வைப்பதற்கு முன்னால் சத்தமில்லாமல் போய் நில். பின்காலை மாற்றி மாற்றித் தளர்த்தி நிற்பது எல்லாக் குதிரைக்கும் வழக்கம், பயப்படாதே. முன்காலை முன்னே நீட்டி வைத்திருந்தால் சந்தேகப்படு. நான்கு குளம்பையும் தொடு, ஒன்று மட்டும் சுடுகிறதா? பிறகு யாரையாவது தளர்ந்த கயிற்றில் பிடித்து ஓட்டச் சொல்லித் தலையைப் பார். முன்கால் வலியென்றால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும். நல்ல கால் படும்போது இறங்கும். இடப்பக்கம் வட்டமாகச் சுற்றினால் உள்பக்கத்து இடது முன்காலுக்குத்தான் பெரும்பாலும் சிரமம் கூடும். உன் கொடிக்கம்பத்துக் கதை அங்கேதான் இருக்கிறது என்று என் கணக்கு. அமெரிக்காவில் மூன்று பீப்பாய்களைச் சுற்றிக் குதிரை ஓட்டும் பந்தயம் ஒன்று உண்டு. அங்கேயும் அகலமாக வளைகிற, வாசலிலேயே முரண்டுகிற குதிரைக்கு வலி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

கால் சரியென்றால் வாயைப் பார். பல் ஓரம் கூராக இருந்தால் மென்றும் மெல்லாததுமாகத் தீனி கீழே விழும், கடிவாளத்தை இழுத்தால் தலையை உதறும். சேணத்துக்குக் கீழே விரலால் அழுத்து. முதுகை நெளித்தால் அங்கே புண்ணோ பிடிப்போ இருக்கிறது.

இவ்வளவும் நான் புத்திசாலியாக இருந்து கற்றதல்ல. ஜட்கா ஓட்டிய காலத்தில், ரயிலடியிலிருந்து கோயிலுக்குச் சவாரி போகும்போது என் பழுப்புப் பெட்டை தேரடி மேட்டில் நின்றுவிடும். மூன்று நாள் அடித்தேன். நாலாம் நாள் லாடத்தைக் கழற்றினால், ஓர் ஆணி குளம்பின் வெள்ளைக் கோட்டைத் தாண்டி உள்ளே இறங்கியிருந்தது. துளையிலிருந்து கறுப்பாய்ச் சீழ் வந்தது. ஆணி அடித்தவர் ஊர் லாடக்காரர்தான். ஆனால் மூன்று நாள் சாட்டை என் கையில் இருந்தது. தீபத் திருவிழா எட்டாம் நாள் சாமி ஏறிவரும் மரக்குதிரை ஒன்றுக்குத்தான் வலிக்காது.

தை மாதப் பந்தயத்திலிருந்து பெயரை எடுத்துவிடு. வலி மருந்து கொடுத்து ஓட்டலாம் என்று எவனாவது சொல்வான். வலி மறைந்தால் கெட்ட காலையே இன்னும் அழுத்தி ஊன்றி முழுதாக உடைத்துக்கொள்ளும். அரசு கால்நடை டாக்டரைக் கூப்பிடு. எக்ஸ்ரே வேண்டுமென்றால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஏற்றிப்போவோம், வண்டி வாடகை என் பொறுப்பு.

ஞாயிறு முதல் பஸ்ஸில் வருகிறேன். அதுவரை இடது முன்கால் லாடத்தில் கை வைக்காதே. எந்த ஆணி என்று நான் தட்டிப் பார்க்க வேண்டும்.

உன் மாமன்