முப்படையில் எப்படை?

எங்கள் வகுப்பில் உயர்தரத்துக்குப் பிறகு என்ன என்ற பேச்சு வந்தால் வைத்தியர், ஆசிரியர், கணக்காளர் என்ற பதில்களே வழமையாக வரும். இம்முறை ஒருத்தி, "நான் படையில் சேர நினைக்கிறேன். இராணுவமா, கடற்படையா, விமானப்படையா, எது நல்லது?" என்று கேட்டாள். சிலர் சிரித்தார்கள். எனக்கு அது சிரிப்பதற்குரிய கேள்வியாகத் தெரியவில்லை. தேடிப் படித்ததைத் தோழியரோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சுதந்திரத்துக்குப் பின் 1949 இல் இராணுவமும், 1950 இல் கடற்படையும், 1951 இல் விமானப்படையும் இந்நாட்டில் நிறுவப்பட்டன. இராணுவத்தில் மகளிர் படையணி 1979 இல் தொடங்கியது. 2020 இல் விமானப்படையின் முதல் பெண் விமானிகள் இருவர் பயிற்சி முடித்து வெளியேறினார்கள். ஆகவே பெண்ணுக்கு இடமுண்டா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. எந்த இடம் என்பதே மிச்சம்.

இராணுவம் என்றதும் துப்பாக்கிதான் கண்ணில் படுகிறது. ஆனால் அதற்குள் பொறியியல், சமிக்ஞை, மருத்துவம் எனப் பல படையணிகள் உண்டு. கடற்படைக்குக் கப்பலோடு கரையிலும் வேலை இருக்கிறது: தொலைத்தொடர்பு, களஞ்சியம், வைத்தியசாலை. விமானப்படையில் ஒரு விமானி பறப்பதற்குத் தரையில் இயந்திரம் பார்ப்பவர், ராடார் பார்ப்பவர், போக்குவரத்தைக் கட்டுப்படுத்துபவர் எனப் பலர் உழைக்கிறார்கள். தாதி வேலையும் கணக்கு வேலையும் மூன்றிலும் இருக்கின்றன. எனவே முதலில் தொழிலைத் தீர்மானிக்க வேண்டும். படையைப் பிறகு தீர்மானிக்கலாம்.

இதற்கு நூர் இனாயத் கானின் வாழ்க்கை நல்ல சான்று. திப்பு சுல்தானின் வழிவந்த அவர் பாரிஸில் வளர்ந்தவர். சிறுவர்களுக்காகப் புத்த ஜாதகக் கதைகளை எழுதியவர். 1940 இல் பிரித்தானிய விமானப்படையின் மகளிர் துணைப் பிரிவில் சேர்ந்தார். அங்கே கற்றது வானொலித் தந்தி இயக்கும் தொழில். அந்தத் தொழிலுக்காகவே இரகசிய சேவை அவரைத் தேர்ந்தெடுத்து, 1943 ஜூனில் ஜெர்மனியர் பிடியிலிருந்த பிரான்ஸுக்கு அனுப்பியது. பிடிபட்டு, 1944 செப்டெம்பரில் டாக்காவ் முகாமில் கொல்லப்பட்டார். 1949 இல் அவருக்கு ஜோர்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது. அவரது பாதையைத் தீர்மானித்தது நீலச் சீருடை அல்ல, விரல்கள் பழகிய தொழில். அந்தத் தொழில் கேட்ட விலையையும் மறக்கக் கூடாது. படைத்தொழிலில் உயிர் ஆபத்து உண்டு என்பதை அறிந்தே ஒருத்தி கையொப்பமிட வேண்டும்.

எங்கள் ஊரில் இந்தப் பேச்சு இலகுவானதல்ல. 1990 ஆகஸ்ட் 3 இல் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த ஊர் இது. 2019 க்குப் பின் சோதனைகளையும் சந்தேகப் பார்வைகளையும் கண்ட ஊரும் இதுவே. துப்பாக்கி ஏந்தியவரைப் பார்த்தால் பல உம்மாமாருக்கு இன்றும் நெஞ்சு பதறும். வீட்டில் மறுத்தால் அதில் நியாயம் இருக்கிறது. அதே நேரம், வீதியில் பெண்களைச் சோதிக்க ஒரு பெண்தான் வேண்டும். அவள் தமிழில் "பயப்படாதீங்க ராத்தா" என்று சொல்லக்கூடியவளாக இருந்தால் அது பெரிய ஆறுதல் அல்லவா?

விண்ணப்பிக்க நினைப்பவர் நான்கு விடயங்களைக் கேட்டறிய வேண்டும். ஒன்று, அதிகாரியாகவா, ஏனைய தரத்திலா? இரண்டு, நிரந்தரப் படையா, தொண்டர் படையா? மூன்று, எத்தனை வருடம் கட்டாயம் சேவை செய்ய வேண்டும்? நான்கு, தொழுகை, நோன்பு, உடை பற்றிய விதிகள் என்ன? இவற்றை ஆட்சேர்ப்பு அலுவலரிடமே நேரில் கேட்பது நல்லது. கேட்க வெட்கப்பட்டால் பின்னர் வருந்த நேரிடும்.

பட்டப்படிப்போடு அதிகாரியாக விரும்புவோருக்கு ரத்மலானையிலுள்ள கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் இருக்கிறது. முப்படைக் கெடேற்களும் அங்கே ஒன்றாகப் படிக்கிறார்கள். எதைத் தேர்ந்தாலும் சிங்களமும் ஆங்கிலமும் தேவை. பாடசாலையில் இரண்டாம் மொழிப் பாடத்தை அலட்சியம் செய்யும் தோழியரே, அந்தப் புத்தகத்தை இன்றே திறவுங்கள்.