மாரியில் பெருகும் புழு: மானும் ஆடும் தரும் பாடம்

இடம்பெயர்ந்த குடும்பமொன்று புதிய இடத்தில் காலூன்ற முயலும்போது, இரண்டு ஆடுகளே அதன் வங்கிக் கணக்கு. பிள்ளையின் கொப்பிக்கும் திடீர் வைத்தியச் செலவுக்கும் அவையே கைகொடுக்கும். அந்த ஆடு மார்கழியிலோ தையிலோ மெலிந்து செத்தால், "காட்டு மான் கொண்டுவந்த வருத்தம்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இது எவ்வளவு சரி என்பதை இந்தப் பாடத்தில் ஆராய்வோம்.

புழுவின் வாழ்க்கை

வன்னிக் காட்டின் புள்ளிமானும் எமது ஆடும் அசைபோடும் விலங்குகள். இரண்டின் இரைப்பையிலும் ஹீமான்கஸ் என்னும் புழு வாழக்கூடும். 2 முதல் 3 சென்ரிமீற்றர் நீளமான இப்புழு இரத்தத்தை உறிஞ்சும். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000க்கு மேற்பட்ட முட்டைகளை இடும். அவை புழுக்கையோடு நிலத்தில் விழுகின்றன.

ஈரமும் சூடும் சேர்ந்தால் சுமார் ஒரு வாரத்தில் இளம்புழு தொற்றும் நிலையை அடைந்து, ஈரப்புல்லில் ஏறி நிற்கும். அதை மேயும் விலங்கின் வயிற்றில் ஏறத்தாழ 3 வாரங்களில் முதிர்ந்து தானும் முட்டையிடும். ஐப்பசியில் மழை பிடித்தால், மார்கழி முடிவதற்குள் இந்தச் சுற்று இரண்டு மூன்று முறை நடந்துவிடும். தையில் ஆடு சாவதன் காரணம் இதுதான்.

கோடையில் நடப்பது

கோடை வெயிலிலும் சோளகக் காற்றிலும் திறந்த வெளியிலுள்ள இளம்புழுக்களில் பெரும்பகுதி காய்ந்து மடியும். ஆனால் சில, விலங்கின் இரைப்பைச் சுவரில் வளராமல் உறங்கி, மழைக்காகக் காத்திருக்கும். அத்துடன் காட்டு நீர்நிலைகள் வற்றும்போது மான்கள் எஞ்சிய குளங்களைத் தேடி வருகின்றன. எமது ஆடுகளும் அதே குளத்தின் பச்சைப் புல்லில்தான் மேய்கின்றன. சிறிய ஈர நிலத்தில் பல வாய்கள். பசியால் எதிர்ப்புச் சக்தியும் குறைவு.

குற்றவாளி யார்?

புழு மானிலிருந்து ஆட்டுக்கும் வரும், ஆட்டிலிருந்து மானுக்கும் போகும். ஆனால் மான் நடந்துகொண்டே மேயும். ஒரே கட்டையில் நாள்தோறும் கட்டப்பட்ட ஆடோ, தன் புழுக்கை விழுந்த புல்லையே திரும்பத் தின்கிறது. நெருக்கம் நோயை வளர்க்கும் என்பதை முகாம்களில் வாழ்ந்தவர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. ஆகவே பழியை மான்மேல் மட்டும் போடுவது நியாயமல்ல.

தமிழ்நாட்டின் முதுமலைக் காட்டில் 12 வகைப் பாலூட்டிகளின் குடற்புழுக்களை ஆராய்ந்த மிலிந்த் வட்வே, சுகுமார் ஆகியோரின் ஆய்வு 1995இல் வெளிவந்தது. அவர்கள் விலங்குகளைக் கொல்லவில்லை. எச்சத்தைச் சேர்த்து முட்டைகளை எண்ணினார்கள். ஆட்டுப் புழுக்கையையும் இவ்வாறே சோதிக்கலாம்.

நாம் செய்யக்கூடியவை

1. பனி உலர்ந்த பிறகே ஆட்டை அவிழ்த்து விடுங்கள். மேய்ச்சல் கட்டையை அடிக்கடி இடம் மாற்றுங்கள்.
2. மாரியில் குழை வெட்டி உயரத்தில் கட்டிக் கொடுங்கள். இளம்புழு பெரும்பாலும் நிலத்தை ஒட்டிய புல்லிலேயே இருக்கும். கிளிசரியா, பூவரசு, முள்முருக்கங் குழைகளில் அந்த ஆபத்து மிகக் குறைவு.
3. ஆட்டின் கீழ் இமையை விலக்கிப் பாருங்கள். சிவப்பு நல்லது; வெளிறியிருந்தால் இரத்தம் குறைந்துவிட்டது. தாடையின் கீழ் வீக்கமும் எச்சரிக்கை. இமையின் நிறத்தை ஒப்பிடும் அட்டையைத் தென்னாபிரிக்காவில் 1990களில் உருவாக்கினார்கள்.
4. பூச்சி மருந்தை அரச மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி, ஆட்டின் நிறைக்கேற்பக் கொடுங்கள். குறைத்துக் கொடுத்தால் மருந்துக்குச் சாகாத புழுக்களே மிஞ்சும்.
5. பட்டியைத் தினமும் கூட்டுங்கள். புழுக்கையைக் குவித்து மக்கவிட்டு, பிறகு தோட்டத்துக்கு இடுங்கள்.

கூடிப் பேசுவோம்

• எமது ஊரில் ஆடுகள் அதிகமாகச் சாவது எந்த மாதங்களில்?
• கோடையில் மானும் ஆடும் சேர்ந்து மேயும் இடங்கள் எவை?
• அடுத்த மாரிக்கு முன் வேலியோரங்களில் குழை மரம் நட, எத்தனை குடும்பங்கள் கைகோர்க்க முடியும்?