சின்சில்லா வளர்க்க ஆசையா? அக்கா சொல்வதைக் கேள்!

தங்கச்சி, சின்சில்லா வாங்கப் போகிறேன் என்கிறாயா? விலையை விசாரிப்பதற்கு முன் உன் வீட்டைப் பற்றி யோசி. ஒரு அறையை இரவும் பகலும் ஏசியில் வைத்திருக்க முடியுமா? கரண்ட் போனால் அந்த ஏசி ஓட ஜெனரேட்டர் உண்டா? இல்லையென்றால் சென்னையிலோ மதுரையிலோ இதை வளர்க்கவே வளர்க்காதே. கண்டிப்பாகவே சொல்கிறேன்.

இது சிலி நாட்டு ஆண்டிஸ் மலையின் குளிரிலும் வறண்ட காற்றிலும் வாழும் பிராணி. நம் தலையில் ஒரு முடி முளைக்கும் இடத்தில் இதற்கு ஐம்பதுக்கு மேல் முளைக்கிறது. வியர்க்கவும் வியர்க்காது, அதனால் ஃபேன் போட்டு ஒரு பயனும் இல்லை. 15 முதல் 21 டிகிரி வரை சுகமாக இருக்கும். 25-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. கூண்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தெர்மாமீட்டரை மாட்டிவிடு. காது நன்றாகச் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, சோர்ந்து படுத்துவிட்டால் வெப்பம் தாக்கிவிட்டது என்று அர்த்தம். உடனே குளிர்ந்த அறைக்கு மாற்றி டாக்டரிடம் ஓடு. ஐஸ் தண்ணீரில் மட்டும் முக்கிவிடாதே. சமையல் மேடைக்குப் போட்டு மிஞ்சிய கிரானைட் துண்டு இருந்தால் கழுவிக் கூண்டுக்குள் வை, அதன்மேல் ஆசையாகப் படுத்துக்கொள்ளும்.

குளிப்பாட்டவும் தண்ணீர் கூடாது. அவ்வளவு அடர்ந்த முடி நனைந்தால் லேசில் காயாது, பூஞ்சை பிடித்துவிடும். இதற்கென்றே விற்கும் மெல்லிய எரிமலைத் தூளை அகலக் கிண்ணத்தில் கொட்டி வை. உள்ளே குதித்துப் புரண்டு புரண்டு தானே சுத்தம் செய்துகொள்ளும். வாரம் இரண்டு மூன்று தடவை, பத்துப் பதினைந்து நிமிடம் போதும். பிறகு கிண்ணத்தை வெளியே எடுத்துவிடு. உள்ளேயே கிடந்தால் தோல் வறண்டு, கண்ணும் உறுத்தும். கடற்கரை மணலோ டால்கம் பவுடரோ இதற்கு மாற்று ஆகாது. தூளில் விழும் புழுக்கையைச் சலித்தெடுக்க ஒரு பழைய மாவுச் சல்லடையை ஒதுக்கிக்கொள்.

சாப்பாடு மிக எளிது. டிமோத்தி என்ற காய்ந்த புல் எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும், கூடவே தினம் ஒன்றிரண்டு டேபிள்ஸ்பூன் பெல்லட் தீவனம். பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். பல் ஆரஞ்சு மஞ்சளாக இருந்தால் நல்லது. வெளுத்தால்தான் கவலைப்பட வேண்டும். வீட்டில் பாட்டி, சித்தி எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி வை: முந்திரி, உலர்திராட்சை, பிஸ்கட், பழம் எதுவும் கொடுக்கக் கூடாது. இதற்கு வாந்தி எடுக்க வராது, வயிறு உப்பினால் தாங்காது. அரை நாள் சாப்பிடாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று விடாதே. மனிதர்களுக்கான அமாக்ஸிசிலின் மாத்திரையை நீயாகக் கொடுக்கவும் கொடுக்காதே, குடலைக் கெடுத்து உயிரையே பறித்துவிடும். இப்படிச் சின்ன பிராணிகளைப் பார்த்துப் பழகிய டாக்டர் உன் ஊரில் இருக்கிறாரா என்று வாங்கும் முன்பே விசாரி.

கூண்டு கம்பியில் இருக்கட்டும், பிளாஸ்டிக்கைக் கடித்து விழுங்கிவிடும். வெளியே விடும்போது சார்ஜர் ஒயர்களை எடுத்து ஒளித்து வை. பயந்திருக்கும்போது இறுக்கிப் பிடித்தால் அந்த இடத்து முடி கொத்தாகக் கையோடு வந்துவிடும். ராத்திரியில்தான் துள்ளி விளையாடும், அதனால் படுக்கையறையில் கூண்டை வைக்காதே.

தோலுக்காக வேட்டையாடியே காட்டில் இதை அழியும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 1923-இல் சாப்மன் என்ற சுரங்கப் பொறியாளர் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோன 11 சின்சில்லாக்களின் வம்சம்தான் இன்று வீடுகளில் வளர்பவற்றில் பெரும்பகுதி. எனவே பண்ணையில் பிறந்தது என்பதற்கான பேப்பரைக் கேட்டு வாங்கு. வனத்துறையில் பதிவு செய்ய வேண்டுமா என்றும் விசாரித்துக்கொள்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10 முதல் 20 ஆண்டுகள் உயிரோடு இருக்கும். அதற்குள் உனக்குப் படிப்பு, வேலை, கல்யாணம் என்று ஊர் மாறலாம். அப்போது யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை அம்மா அப்பாவிடம் இப்போதே பேசி முடிவு செய்துவிடு.