லொறியின் இழுவை குறைந்தால்: எஞ்சினைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

ஊர் திரும்பியவுடன் லொறிக்கு வேலை அதிகம். வீடு கட்ட மணலும் கல்லும் சீமெந்தும் வரவேண்டும். கொட்டிலுக்குக் கிடுகும் தடியும் ஏற்ற வேண்டும். அறுவடை முடிந்தால் நெல்லைக் கொண்டுபோக வேண்டும். மாரி தொடங்கிவிட்டால் கிறவல் வீதியில் பாரத்தோடு ஓடுவது கடினம். எனவே அதற்கு முன்னரே எல்லாவற்றையும் முடித்துவிடப் பார்ப்பீர்கள்.

இந்த நேரத்தில் உங்கள் லொறி இழுக்க மறுக்கலாம். முன்பு நாலாம் கியரில் ஏறிய குளக்கட்டில் இப்போது இரண்டாம் கியர் போடவேண்டி வரலாம். உடனே எஞ்சினைக் கழற்றிப் பார்க்கச் சம்மதித்தால், வீட்டுக்கென்று வைத்த பணம் அதிலே போய்விடும். பல வேளைகளில் குறை எஞ்சினுக்குள் இருப்பதில்லை. அடைபட்ட பில்டர், தாங்கியில் சேர்ந்த தண்ணீர், விடாமல் பிடித்திருக்கும் பிறேக் போன்ற சிறிய காரணங்களே இருக்கும். ஆகவே செலவு குறைந்ததை முதலிலும் செலவு கூடியதைக் கடைசியிலும் பாருங்கள். இந்தப் பாடத்தின் படிகள் அந்த ஒழுங்கிலேயே அமைந்துள்ளன.

முதலில் உங்கள் பாதுகாப்பு

• நீங்கள் விட்டுச்சென்ற லொறி பற்றைக்குள் கிடந்தால் அதைத் தேடிப் போகாதீர்கள். அந்தக் காணியில் கண்ணிவெடி அகற்றும் பணி முடிந்துவிட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்டறியுங்கள். லொறிக்குள்ளோ அருகிலோ இனந்தெரியாத பொருள் இருந்தால் தொடாமல், வந்த வழியே திரும்பி வந்து அறிவியுங்கள்.
• வேலை செய்யும்போது லொறியைச் சமதரையில் நிறுத்திச் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள்.
• எஞ்சின் ஓடும்போது நொசிலுக்குப் போகும் குழாயில் டீசல் கசிகிறதா என்று கையால் தடவிப் பார்க்காதீர்கள். அந்த அமுக்கத்தில் பீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.
• பீடி, சிகரெட், விளக்கு எதையும் தாங்கிக்கு அருகே கொண்டுவராதீர்கள். பிள்ளைகளையும் தள்ளி நிறுத்துங்கள்.

டீசல் எஞ்சினுக்கு என்ன வேண்டும்?

டீசல் எஞ்சினில் தீப்பொறி போடும் பிளக் இல்லை. சிலிண்டருக்குள் வரும் காற்றை பிஸ்டன் இறுக்கி அமுக்குகிறது. அமுக்கிய காற்று மிகவும் சூடாகிறது. அந்தச் சூட்டில் நொசில் டீசலைத் தூவும்போது அது பற்றி எரிகிறது. ஆகவே எஞ்சினுக்கு நான்கு தேவைகள் உள்ளன: போதிய காற்று, சுத்தமான டீசல், நல்ல அமுக்கம், புகை வெளியேறத் தடையில்லாத வழி. இவற்றில் ஒன்று குறைந்தாலும் இழுவை குறையும்.

படி 1: எஞ்சினில்தான் குறையா?

எஞ்சினின் சத்தம் ஏறியும் லொறியின் வேகம் ஏறாவிட்டால் கிளச் வழுக்குகிறது. எஞ்சினை விட்டுவிட்டுக் கிளச்சைப் பாருங்கள்.

சிறிது தூரம் ஓடி நிறுத்தி, ஒவ்வொரு சில்லின் நடுப்பகுதிக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கடுமையாகச் சுட்டால் அந்தச் சில்லில் பிறேக் விடாமல் பிடித்திருக்கலாம். நெடுநாள் நின்ற லொறிகளில் பிறேக் துருப்பிடித்து இறுகியிருப்பது வழக்கம். ரயர்களில் காற்றுக் குறைந்தாலும் லொறி பாரமாகவே ஓடும்.

ஒருவரை எக்சிலேற்றரை முழுதாக மிதிக்கச் சொல்லி, எஞ்சினை நிறுத்திய நிலையில் பம்பின் கையைப் பாருங்கள். அது கடைசிவரை போகாவிட்டால் கம்பியையோ தண்டையோ சரிசெய்தாலே போதும்.

படி 2: புகையைப் பாருங்கள்

பாரத்தோடு ஓடும்போது பின்னால் வரும் புகையை இன்னொருவர் பார்க்கட்டும்.

• கறுப்புப் புகை: டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. எயார் பில்டர் அடைபட்டிருக்கலாம், டேர்போவின் குழாய் கிழிந்திருக்கலாம், அல்லது நொசில் பழுதாகியிருக்கலாம்.
• சூடான பின்னும் வெள்ளைப் புகை: டீசல் முழுதாக எரியவில்லை, அல்லது சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது. ரேடியேற்றர் தண்ணீரும் குறைந்துகொண்டு வந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள்.
• நீலப் புகை: எஞ்சின் ஒயில் எரிகிறது.
• புகையும் இல்லை, இழுவையும் இல்லை: பெரும்பாலும் டீசல் போதியளவு வரவில்லை.

படி 3: காற்று

கிறவல் வீதித் தூசி எயார் பில்டரை விரைவில் அடைத்துவிடும். கடதாசி வகைப் பில்டரென்றால் வெளியே எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். அதைத் தரையில் அடித்துத் தூசி தட்டினால் கடதாசி கிழியும். கிழிந்த பில்டர் தூசியை நேரே சிலிண்டருக்குள் விட்டு எஞ்சினைத் தேய்க்கும். பழைய லொறிகளில் ஒயில் ஊற்றும் வகைப் பில்டர் இருக்கும். அதைக் கழுவிக் காயவைத்து, குறியீடு வரை மட்டும் புதிய ஒயில் விடுங்கள்.

நின்ற லொறியானால் காற்றுக் குழாய்க்குள் எலிக்கூடு, குளவிக்கூடு உண்டா என்று பார்க்காமல் எஞ்சினை இயக்காதீர்கள்.

படி 4: டீசல்

காலையில் இயக்கும் முன் தாங்கியின் அடித்திருகைத் தளர்த்திச் சிறிது டீசலைக் கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். துருவும் கறுப்பு வழுவழுப்பும் தெரிந்தால் தாங்கியை முழுதாக இறக்கிக் கழுவ வேண்டும். அதைச் செய்யாமல் பில்டரை மட்டும் மாற்றினால் புதிய பில்டரும் சில நாட்களில் அடைபடும்.

தாங்கி மூடியிலுள்ள காற்றுத் துளையையும் பாருங்கள். அது அடைபட்டால் லொறி சிறிது தூரம் நன்றாக ஓடிப் பின் இழுவையை இழக்கும். மூடியைத் திறந்ததும் காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, பிறகு லொறி சரியாக ஓடினால் குறை அந்தத் துளையில்தான் இருக்கிறது.

பில்டர் மாற்றிய பின் குழாயில் காற்று நிற்கும். பில்டரின் மேல்திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை கைப்பம்பை அடித்து, திருகை இறுக்குங்கள். மறுபடியும் காற்று சேர்ந்தால் வெடித்த றப்பர்க் குழாயையோ தளர்ந்த இணைப்பையோ தேடுங்கள்.

படி 5: புகை போகும் வழி

நசுங்கிய குழாய், அடைபட்ட சைலன்சர் இரண்டும் எஞ்சினை மூச்சடைக்கச் செய்யும். சில லொறிகளில் புகைக்குழாயை மூடி வேகத்தைக் குறைக்கும் பிறேக் உண்டு. அதன் தகடு பாதி மூடிய நிலையில் இறுகியிருந்தால் பாரம் இழுக்க முடியாது.

படி 6: கடைசியாக எஞ்சின்

மேலே சொன்ன யாவும் சரியென்றால் மட்டுமே மெக்கானிக்கிடம் வால்வு இடைவெளி, நொசில், பம்ப், அமுக்கம் ஆகியவற்றை இந்த ஒழுங்கில் பார்க்கச் சொல்லுங்கள். அமுக்கத்தை அளந்து காட்டிய பிறகே எஞ்சினைக் கழற்றச் சம்மதியுங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். செலவை எழுத்தில் பெறுங்கள்.

மீண்டும் வராமல் தடுக்க

• பீப்பாயிலோ கானிலோ வாங்கும் டீசலை ஒரு நாள் அடைய விட்டு, மேலேயுள்ளதை மட்டும் துணியால் வடித்து ஊற்றுங்கள்.
• இரவில் தாங்கியை இயன்றவரை நிரப்பி வையுங்கள். வெற்றிடத்திலுள்ள ஈரக்காற்றுக் குளிர்ந்து தண்ணீராகும்.
• தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டியதை மறந்திருக்கமாட்டீர்கள். அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று டீசலோடு மண்ணெண்ணெய் கலக்க வேண்டாம். பம்பும் நொசிலும் தேயாமல் காக்கும் வழுக்கும் தன்மை மண்ணெண்ணெயில் குறைவு. மிச்சம் பிடித்த காசைவிடப் பம்ப் திருத்தும் செலவு கூடும்.
• அளவுக்கு மேல் பாரம் ஏற்றாதீர்கள். பாரம் கூடியதால் வரும் மந்தத்தைப் பலர் எஞ்சின் பழுதென்று எண்ணுகிறார்கள்.
• ஒரு கொப்பியில் திகதி, ஓடிய தூரம், ஊற்றிய டீசல், மாற்றிய பில்டர் ஆகியவற்றை எழுதுங்கள். அதே தூரத்துக்கு டீசல் கூடப் போனால், இழுவை குறையும் முன்பே அது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

குடும்பமாகவும் அயலவருடனும் பேசுங்கள்

1. எங்கள் லொறியின் புகை என்ன நிறம்? எப்போதிருந்து?
2. தாங்கித் தண்ணீரைக் காலையில் யார் இறக்கிப் பார்ப்பது?
3. நாலைந்து லொறிக்காரர் சேர்ந்து பில்டர்களை மொத்தமாக வாங்க முடியுமா?
4. கொப்பியை எழுதும் பொறுப்பை வீட்டில் யார் ஏற்பது?